கட்டிலுக்கடியில் கிடந்த சந்தை நிலவரம்

"ஊட்ல கலியாணமா தம்பி, இல்லாட்டி சொறியா?"

ராஸிக் நானா கேட்டதில் பிழையே இல்லை. பலாங்கொடை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் முப்பது வருஷமாகக் கடை வைத்திருப்பவர். ஒரு மனிதன் ஒரே தடவையில் மூன்று டசின் குளிக்கிற சோப் வாங்கினால், அவருடைய அனுபவத்தில் இந்த இரண்டு காரணங்கள்தான் இருக்க முடியும்.

நான் சிரித்து மழுப்பினேன். "தோட்டத்துக்கு நானா. அங்க ஆள் கூட..."

"போன செவ்வாயும் ரெண்டு டசின் கொண்டு போனீங்களே. அது கரஞ்சிட்டா?"

"கரைஞ்சிடுச்சு நானா."

பொய். ஒன்றுகூடக் கரையவில்லை. அத்தனையும் பெட்டி பிரிக்காமல் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துக் காம்பராவில், கட்டிலுக்கடியில் வரிசையாகப் படுத்திருந்தது. கரைந்துகொண்டிருந்தது நான்தான்.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். போன மாதம் காலில் அட்டை கடித்ததற்கு, எனக்குப் பிறகு என் டவுன் கடைப் போட்டோகொப்பி மெஷின் யாருக்கு என்று யோசித்தவன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் அட்டைக்குப் பயப்படலாமா என்று மூன்று வாசகர்கள் கடிதம் போட்டார்கள். பயப்படலாம். அட்டையை நன்றாகத் தெரிந்தவன்தான் அதற்கு ஒழுங்காகப் பயப்பட முடியும்!

ஷெயர் விஷயத்தில் நிலைமை வேறு. அதைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. அதற்கும் பயந்தேன். ஆக, தெரிந்தாலும் பயம், தெரியாவிட்டாலும் பயம். ஐம்பத்தொரு வயதில் இவ்வளவு சீராக ஒரு கொள்கையைக் காப்பாற்றி வருகிறவர்கள் குறைவு.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன்.

என் மனைவி செல்வி எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் இருபத்திரண்டு வருஷம் வேலை செய்தவள். மலைக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் விட்டுப்போகும் பிள்ளைகளுக்குப் பால் கரைத்து, துடைத்து, தொட்டில் ஆட்டி... இன்றைக்குத் தோட்டத்தில் மீசை வைத்திருக்கும் பாதிப் பேரின் மூக்கைச் சிந்திவிட்டது அவள் கைதான். போன வருஷம் வேலையை விட்டாள். ஈ.பி.எஃப். காசு, இத்தனை வருஷச் சேமிப்பு, வந்தது.

அந்தக் காசுக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. கூரை.

ஏழு பேர்ச் காணியில் எங்கள் வீடு மூன்று வருஷமாக எழும்பிக்கொண்டிருக்கிறது. இரண்டு அறை, சமைக்க ஒரு குசினி. சுவர் எழும்பிவிட்டது. தலை இல்லை. லயத்து வாசலில் நின்றால் எதிரே தெரியும். ஒவ்வொரு மழைக்கும் அந்தச் சுவர் நனைந்து, பாசி பிடித்து, காய்ந்து, மறுபடி நனைந்து... "இன்னொரு வைகாசி மழைக்கு மேல் சுவர்த் தலை உதிர ஆரம்பிக்கும்" என்று மேசன் ரஞ்சித் பாஸ் சொல்லியிருந்தார். கட்டட வேலையில் அவர் மிகைப்படுத்திச் சொல்வது ஒன்றே ஒன்றுதான் — முடித்துத்தரும் திகதி.

காசு வந்த நேரம் கூரைத் தகர விலை உச்சத்தில் இருந்தது. "ஆறு மாசத்தில் இறங்கும்" என்றார்கள். ஆறு மாசம் காசு சும்மா கிடக்குமா? அங்கேதான் எனக்குள் இருந்த மேதை விழித்துக்கொண்டான்.

"ஒரு நல்ல கம்பனியில போட்டு வைக்கிறேன் செல்வி. ஷெயர். ஆறு மாசத்தில கூரையோட சேர்த்து ஜன்னலுக்கும் வந்துரும்."

"என்னா கம்பனிங்க?"

"அதெல்லாம் பெரிய கம்பனி. சொன்னா உனக்கு விளங்காது."

மகா ஜனங்களே, இந்த ஒரு வசனத்தைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வையுங்கள்.

கம்பனியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. சோப், பற்பசை, பிஸ்கட், பவுடர் என்று ஏதேதோ செய்கிறார்கள். நாடு எப்படிப் போனாலும் மனிதன் குளிக்காமல் இருப்பானா? — இதுதான் என் முழு ஆராய்ச்சி. நாற்பத்தைந்து ரூபாய்ப்படி வாங்கினேன். ஒரு வாரம் ஏறியது. பிறகு, நான் வந்து சேர்ந்தது அதற்குத் தெரிந்துவிட்டது போல, இறங்க ஆரம்பித்தது.

நாற்பத்திரண்டு. நாற்பது. முப்பத்தேழு.

இறங்குகிற ஷெயர் வைத்திருப்பவனுக்கு முதலில் வேண்டியது ஆறுதல். இரண்டாவது அபிப்பிராயம். இரண்டும் இலவசமாகக் கிடைக்கிற ஒரே இடம் வட்ஸ்அப். சப்ரகமுவ மாகாண முதலீட்டாளர் குரூப் ஒன்று இருந்தது. சேர்ந்தேன். மூன்று மொழியிலும் ஆலோசனை கொட்டியது.

இரத்தினபுரியில் ஒரு கல் வியாபாரி: "ஒரு நீலக் கல்ல ஏழு வருஷம் கைல வச்சிட்டு இருந்தவன் நான். உங்களுக்கு ஏழு மாசம் ஏலாதா?"

கல்லை மழையில் வைக்கலாம் ஹாஜியார். சுவரை?

கேகாலையில் ஒரு டியூஷன் மாஸ்டர், கோடு கோடாக ஒரு படம் கீறி அனுப்பினார். அதில் தலையும் இரண்டு தோளும் தெரிகிறதாம். தெரிந்தால் விலை இன்னும் விழுமாம். உடனே வெளியே பாயச் சொன்னார். நானும் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்குத் தலையில்லாத சுவர் மட்டும்தான் தெரிந்தது.

வரக்காப்பொலயில் ஹாட்வெயார் வைத்திருக்கும் ஒருவர்: "விழ விழ வாங்குங்க. அப்பத்தான் உங்க சராசரி விலை எறங்கும்." ஐயா, உங்களைப் போல ஒருவரிடம் கூரைத் தகரம் வாங்கவேண்டிய காசு அது!

கொழும்பில் இருக்கிற புரோக்கர் ஒபிசுக்கும் போன் எடுத்தேன். குரலிலேயே இஸ்திரி போட்ட ஒரு பிள்ளை பேசியது.

"சேர், உங்களால எவ்வளவு காலத்துக்கு வெயிட் பண்ண முடியும்?"

"மழை வரும் வரைக்கும் தங்கச்சி."

"எந்த மழை சேர்?"

கொழும்பில் இருக்கிறவர்களுக்கு மழை என்றால் குடை. அவ்வளவுதான்.

குரூப்பில் எனக்குக் கொஞ்சம் தைரியம் தந்தவர் சோமதாச சேர் ஒருவர்தான். பேங்கில் இருந்து ஓய்வுபெற்றவர், பலாங்கொடை டவுனிலேயே இருக்கிறார். செல்வியின் ஈ.பி.எஃப். படிவத்தை என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, ஒரு எழுத்துப் பிழையில்லாமல் நிரப்பித் தந்தவர். ஒரு சதம் வாங்கவில்லை. "மல்லி, பயம் வேணாம்" என்பார்; சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி. "கம்பனி ஹொந்தய். நல்ல கம்பனி. வருஷ அறிக்கையைப் பார். லாப வீதம் கூடியிருக்கு. விற்பனை மட்டும்தான் கொஞ்சம் மந்தம்."

வருஷ அறிக்கை எனக்கும் தபாலில் வந்தது. கல்யாண அல்பம் போல வழவழவென்று. அட்டையில் ஒரு கொழுந்து பறிக்கும் பெண், கலையாத சேலையில், முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தாள். எங்கள் மலையில் பத்து மணிக்கு மேல் அப்படிச் சிரித்தவரை நான் கண்டதில்லை. உள்ளே, சோப்பைப் பற்றி ஒரு வரி இருந்தது: "பாவனையாளரின் கைக்கு இதமாகப் பொருந்தும் புதிய வளைவு வடிவம்."

எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கைக்கு இதம். வேறு என்ன வேண்டும்?

முப்பத்தைந்து.

காலை ஒன்பதரைக்கு மார்க்கெட் திறக்கும். பகல் இரண்டரைக்கு மூடும். அந்த ஐந்து மணித்தியாலமும் நான் மனிதனாக இல்லை. அடையாள அட்டை நான்கு கொப்பி கேட்டவருக்கு நாற்பது அடித்துக் கொடுத்தேன். "நான் தேர்தல்லயா நிக்கிறேன்?" என்று கேட்டார். மரண அறிவித்தல் அடிக்க வந்தவரிடம் "விலை ஏறிடும், பயப்படாதீங்க" என்று சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

சாயங்காலம் தோட்டத்து பஸ்ஸில் ஏறினால், மலைக்கு மேலே கறுப்பாக மேகம். லயத்து வாசலில் செல்வி. எதிரே தலையில்லாத வீடு. அவள் ஒன்றும் கேட்கமாட்டாள். அதுதான் பெரிய தொல்லை. ஒரு நாள் மட்டும், சுவரில் பிடித்திருந்த பாசியைச் சிரட்டைத் துண்டால் சுரண்டிக்கொண்டே, "இந்தப் பக்கத்துச் சுவருதாங்க நம்ம படுக்கிற ரூம்" என்றாள். எனக்குச் சொல்வதற்காக அல்ல. சுவருக்குச் சொல்வது போல.

நான் போனை எடுத்து அன்றைய விலையைப் பார்த்தேன்.

முப்பத்துமூன்று.

அன்றைக்குத்தான் அந்த யோசனை வந்தது. விற்பனை மந்தம் என்கிறார்கள். சரி. மந்தத்துக்குக் காரணம் என்ன? ஆட்கள் வாங்குவதில்லை. வாங்கினால்? விற்பனை கூடும். விற்பனை கூடினால் விலை ஏறும். யார் வாங்குவது?

நான் இருக்கிறேனே!

சிரிக்காதீர்கள். சிரிக்கலாம், ஆனால் மெதுவாக. பயந்தவனின் கணக்கு அவனுக்கு எப்போதும் சரியாகத்தான் வரும். ராஸிக் நானா கடையில் இரண்டு டசின். கல்தொட்ட ரோட்டுக் கடையில் ஒரு டசின். பின்னவல சந்தியில் பஸ் நிற்கும்போது ஒரு டசின். அடுத்த செவ்வாய், நானா கடையில் இருந்த மிச்சம் மூன்று டசினும். கடைக்காரர் முகத்தைப் பார்த்து, "இந்த சோப்தான் இப்ப எல்லாரும் கேக்குறாங்க" என்று ஒரு வசனமும் இலவசமாக விட்டேன். செல்வி தண்ணீருக்குப் போகும் நேரம் பார்த்து, பையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவேன். இப்படிச் செய்வதற்குச் சட்டத்தில் ஏதாவது ஒரு பெயர் இருக்கும். நான் தேடிப் பார்க்கவில்லை. பயம்.

ஒரு வாரம் போனது. வியாழக்கிழமை பத்து மணிக்கு குரூப்பில் சோமதாச சேர் ஒரு செய்தி போட்டார். சாதாரணமாக இரண்டு வரிக்கு மேல் எழுதாத மனிதர், அன்றைக்குப் பத்து வரி.

"நண்பர்களே, நேரில் கண்ட செய்தி. பலாங்கொடையில் நமது கம்பனியின் சோப் பல கடைகளில் முடிந்துவிட்டது. தட்டு காலி. டசின் கணக்கில் போவதாகக் கடைக்காரர்களே சொல்கிறார்கள். தோட்டப் பகுதியில் பெரிய கேள்வி, அதாவது கிராக்கி, உருவாகியுள்ளது. கம்பனி திரும்பிவிட்டது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்."

நான் கடைக்குள்ளேயே எழுந்து நின்றேன். கைதட்டினேன் என்றுகூட நினைக்கிறேன்.

இப்போது நீங்கள் கேட்பீர்கள்: அட மடையா, அந்த டசினெல்லாம் நீ வாங்கியதுதானே? உனக்குத் தெரியாதா?

தெரியும். தெரியாமலும் இருந்தது. நான் வாங்கியது ஏழு டசின். "பல கடைகள்" என்று எழுதியிருக்கிறாரே... "பெரிய கேள்வி" என்று எழுதியிருக்கிறாரே... நான் தொடங்கி வைத்தேன், பிறகு சனம் பிடித்துக்கொண்டது — அப்படி இருக்கக்கூடாதா? ஓய்வுபெற்ற பேங்க் அதிகாரி ஒருவர் எழுத்தில் தந்தால், நான் செய்த வேலைகூட எனக்கு நம்பத்தகுந்த செய்தியாகத் தெரிந்தது.

கல் வியாபாரி "மாஷா அல்லாஹ்" போட்டார். டியூஷன் மாஸ்டரின் படத்தில் தலையும் தோளும் அழிந்து, புதிதாக ஒரு கிண்ணம் வந்திருந்தது. குரூப்பில் நாலைந்து பேர் வாங்கினார்கள். அதனாலோ வேறு எதனாலோ, இரண்டு நாளாக விலை பச்சையில் ஓடியது. முப்பத்தாறு!

வெள்ளிக்கிழமை சாயங்காலம், மனைவிக்கு இறைச்சி ரோல் இரண்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

"செல்வி, அடுத்த மாசம் உனக்கு சீட்டு விழுதில்ல?"

"ஆமா. ஏங்க?"

"அதையும் இதில போட்டுருவோம். கம்பனி திரும்பிடுச்சு. பலாங்கொடை முழுக்க அவங்க சோப்தான். கடையில ஒண்ணு இல்ல. பேங்க்ல இருந்த சேரே எழுதியிருக்காரு."

"சோப் கம்பனியா?" என்றாள். "என்னா சோப்புங்க?"

சொன்னேன். முதல் தடவையாக.

அவள் ரோலைத் தட்டில் வைத்தாள். கையைத் துடைத்தாள். குனிந்தாள். கட்டிலுக்கடியிலிருந்து ஒரு பை. இன்னொரு பை. பிறகு ஒரு உரப் பை, இரண்டு கையாலும் இழுத்து. காம்பரா முழுக்க மல்லிகைப்பூ மணம் எழும்பியது.

"இதுங்களா பலாங்கொடை?"

நான் ஒரு பையைக் காலால் திரும்ப உள்ளே தள்ளப் பார்த்தேன்.

"ஒரு கெழமையா கூட்டுறப்ப வெளக்குமாறு தட்டுது. பேப்பர்காரங்க ஏதும் பரிசு குடுத்திருப்பாங்கன்னு நெனச்சேன். சொல்ல வெக்கப்படுறீங்கன்னு விட்டுட்டேன்." சோப்புகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "நீங்க வாங்கி, நீங்க வித்து, நீங்களே சந்தோஷப்பட்டிருக்கீங்க."

இருநூறு பேர் இருக்கும் குரூப்பில் ஒருவராலும் இவ்வளவு சுருக்கமாக நிலவரம் சொல்ல முடியவில்லை.

பிறகு கேட்டாள்: "ஏங்க, அந்த குரூப்புல இருக்கிற ஆளுங்க எந்த சோப்புல குளிக்கிறாங்க?"

அது ஒரு கேள்வியா? ஷெயர் சம்பந்தமாக ஏதாவது கேளம்மா, என்று வாய்வரை வந்தது. ஆனால் போனை எடுத்து, குரூப்பில் அப்படியே கேட்டேன். எப்போதும் டிக் டிக் என்று அடிக்கிற குரூப், கோயில் மாதிரி அமைதியானது. பத்து நிமிஷம் கழித்து ஹாட்வெயார்க்காரர் ஒரு சிரிக்கிற மஞ்சள் முகம் போட்டார். அதற்குப் பிறகு சோமதாச சேர்: "நான் வேப்பெண்ணெய் சோப் மல்லி. டாக்டர் சொன்னது."

"சரி," என்றாள் செல்வி. "ஞாயித்துக்கெழம துணி வாளியத் தூக்கிட்டு என்னோட வாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தோட்டத்துப் பீலிக்கரையில் பாதி லயம் இருக்கும். மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் மூங்கில் பீலியில் விழுந்துகொண்டே இருக்கும், கீழே கல்லில் துணி அடிபட்டுக்கொண்டே இருக்கும். வாளியோடு நான் இறங்கியதும் ஒரு சிரிப்பு கிளம்பியது.

"என்னா அண்ணே, எழுதுறதுக்கு ஒண்ணும் கெடைக்கலன்னு எங்க அழுக்கத் தேடி வந்துட்டீங்களா?"

செல்வி ஒரு சோப்பைப் பிரித்து, கொழுந்து மலையில் வேலை செய்யும் பாப்பாத்தி அக்காவின் கையில் வைத்தாள். "அக்கா, இது எப்படி?"

பாப்பாத்தி அக்கா சோப்பைத் திருப்பினார். நடுவில் பெருவிரலை வைத்து அழுத்தினார். விரல் பாதி உள்ளே இறங்கி நின்றது.

"இங்க பாருங்க. முந்தி இது மேடா இருக்கும். இப்ப பள்ளம். பொட்டி அதே பொட்டி. வெல கூட. இந்தப் பள்ளத்துக்கும் சேத்துத்தான் நம்மகிட்ட காசு வாங்குறான்."

கைக்கு இதமாகப் பொருந்தும் புதிய வளைவு வடிவம்!

"மூணு நாளைக்குத்தான்," என்றார் இன்னொருவர். "நடுவுல பட்டுன்னு ஒடஞ்சிரும். ஒரு துண்டு கையில, மத்தது பீலித் தண்ணியோட போயிரும்."

"மணம் நல்லாத்தான் இருக்கு."

"ஆமா, மணம் நல்லாருக்கு. நான் வருஷத்துக்கு ஒண்ணு வாங்குவேன். சேலப் பொட்டியில வைக்க."

"அப்ப குளிக்க?"

"குளிக்க அந்தப் பச்ச சோப்பு. இத யாரு குளிக்க வாங்குவா? எந்தப் பைத்தியம் வாங்குனான்?"

செல்வி துணியை அலசிக்கொண்டே இருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுடைய தோள் மட்டும் குலுங்கியது.

வருஷத்துக்கு ஒன்று. சேலைப் பெட்டிக்கு. லாப வீதம் ஏன் கூடியது, விற்பனை ஏன் மந்தம் — இரண்டும் பாப்பாத்தி அக்காவின் ஒரு பெருவிரலுக்குள் இருந்தது. ஏழு மாதமாக நான் கேட்காத ஆள் இல்லை. சோப் வாங்குகிறவர்களைத் தவிர.

வாளியோடு மேலே ஏறி வந்து போனைப் பார்த்தேன். சோமதாச சேர் எழுதியிருந்தார். "நாளை மார்க்கெட் திறந்ததும் நான் பெரிதாக வாங்கப்போகிறேன். ஓய்வுபெற்றபோது கிடைத்த காசில் இதுவரை தொடாத பகுதி. நேரில் கண்டதை நம்பாமல் வேறு எதை நம்புவது?"

வாளியைக் கீழே வைத்தேன்.

உங்களிடம் மறைப்பதற்கு என்ன? முதலில் வந்த எண்ணம் நல்ல எண்ணம் இல்லை. அவர் வாங்க வேண்டுமென்றால் யாராவது விற்க வேண்டும். முப்பத்தாறு ரூபாய்க்கு. பலாங்கொடையில் ஏழு டசின் விற்ற கதையை நம்பி ஒருவர் வாங்குகிறார். அந்தக் கதையை உண்டாக்கியவன் அதே நிமிஷம் விற்றுவிட்டு வெளியே நிற்கிறான். யாருக்குத் தெரியப்போகிறது? காலையில் ஒரு போன். கூரையில் முக்கால்வாசி வந்துவிடும்.

செல்வியிடம் சொன்னேன். சுற்றி வளைத்து, ஏதோ வேறு ஒருவனின் யோசனை மாதிரி.

அவள் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். "எனக்குப் போர்ம் நெரப்பிக் குடுத்தாரே... அந்த சேரா?"

"ம்."

"அவரு தலயில நம்ம கூரையா?"

அவ்வளவுதான் கேட்டாள். அடுத்த துணியை உதறினாள். எனக்கு முகத்தில் தண்ணீர் தெறித்தது.

அப்போதே சோப்பையெல்லாம் கட்டிலில் அடுக்கி, படம் எடுத்து, குரூப்பில் போட்டேன். "பலாங்கொடையில் விற்றது இதுதான். வாங்கியது நான்தான். மன்னிக்கவும்." ஐந்து நிமிஷத்தில் பதில்கள்.

"விலையை இறக்கி, தான் மலிவாக வாங்கப் பார்க்கிறார்!"

"இவ்வளவு சோப் ஒரு வீட்டில் இருக்கிறது என்றால் கேள்வி எவ்வளவு என்று பாருங்கள்."

"பத்திரிகைக்காரர்தானே. கதை."

உண்மையைச் சொன்னால் இவ்வளவு நன்றாக இலாபம் வரும் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. இன்னும் மூன்று பேர் வாங்கப்போவதாக அறிவித்தார்கள்.

சோமதாச சேர் மட்டும் படம் பார்த்த அடையாளமே இல்லை. போன் எடுத்தேன். அணைத்து வைத்திருந்தார். ஞாயிறு பின்னேரம் பன்சலைக்குக் கும்பிடப் போனால் அப்படித்தான்.

திங்கட்கிழமை காலை. எங்கள் தோட்டத்து பஸ், என்றைக்கும் நேரத்துக்கு வருகிற பஸ், அன்றைக்கு இருபது நிமிஷம் பிந்தியது. வளைவுக்கு வளைவு நின்றது. ஒரு மூட்டை மரக்கறி ஏற்ற ஒரு யுகம். போனில் மறுபடி மறுபடி அழைத்தேன். மலை வளைவுகளில் சிக்னல் இல்லை. சிக்னல் வந்த இடத்தில் அவருடைய போன் வேலையில் இருந்தது. யாரோடு பேசுகிறார்? புரோக்கரோடா? பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஓடினேன். ஐம்பத்தொரு வயதில் ஓட்டம் என்பது பார்க்கிறவர்களுக்குத்தான் ஓட்டம் இல்லை. ஓடுகிறவனுக்கு ஓட்டம்தான்.

அவர் தினமும் காலையில் பேப்பர் வாங்கி உட்காருகிற இடம் ராஸிக் நானா கடை வாசலில் கிடக்கிற பலகை வாங்கு. இருந்தார். மடியில் பேப்பர். கையில் போன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நானா என்னைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்தார். "வாங்க தம்பி வாங்க! கம்பனி லொறில அஞ்சு பெட்டி எறக்கி வச்சிருக்கேன், ஒங்களுக்கு வேண்டியே! இந்தக் கெழம எத்தின டசின்?"

அவருக்குப் பின்னால் சுவர் உயரத்துக்கு சோப் பெட்டி. மல்லிகை மணம் ரோட்டுக்கு வந்தது.

"நானா... ஒண்ணும் வேணாம். சேர், வாங்கிட்டீங்களா?"

"என்ன மல்லி?"

"ஷெயர்!"

"இன்னும் நாலு நிமிஷம் இருக்கே." சுவர் மணிக்கூட்டைக் காட்டினார். ஒன்பது இருபத்தாறு.

மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கட்டிலுக்கடி. ஏழு டசின். பெருவிரல். பள்ளம். நானா வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப... பலாங்கொடையில இத வாங்கினது நீங்க மட்டுமா?"

"கல்தொட்ட ரோட்டுக் கடையிலயும் நான்தான் நானா."

"அல்லாவே! அந்த மனுசனும் மூணு பெட்டி எறக்கி ஈக்கிறாரே!"

சோமதாச சேர் பலகையிலிருந்து எழுந்தார். ஒரு பெட்டியைப் பிரித்து, ஒரு சோப்பை எடுத்து, தன் பெருவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தார். நெடுநேரம். மணிக்கூடு ஒன்பதரையைத் தாண்டியது. அவர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"மல்லி, நீ சொல்லாமல் வித்திருந்தால்... வாங்கியிருப்பது நான்தானே?"

"ஆமா சேர்."

என்னை ஏசுவார் என்று நின்றேன். அவர் நானாவின் பக்கம் திரும்பினார். "நானா, இவருக்கு ஒரு ப்ளேன்டீ கொடுங்கள். சீனி கூடப் போடுங்கள். ஓடி வந்திருக்கிறார்."

அன்று மத்தியானம் சேர் குரூப்பில் எழுதினார்: "என் நேரில் கண்ட செய்தியை வாபஸ் பெறுகிறேன்." அவருக்கு யாரோ காசு கொடுத்துவிட்டதாக டியூஷன் மாஸ்டர் சந்தேகப்பட்டார். இருந்தாலும் விலை இறங்காமல் இருக்குமா? செவ்வாய்க்கிழமை நான் விற்றபோது முப்பத்துநான்கு ரூபாய் முப்பது சதம். நேர்மைக்கு ஷெயர் ஒன்றுக்கு ஒரு ரூபாய் எழுபது சதம் செலவாகியிருக்கிறது. இந்தக் காலத்துக்கு அது மலிவு.

நானா பெட்டிகளைத் திருப்பி அனுப்பப் பார்த்தார். லொறிக்காரன் எடுக்கவில்லை. இப்போது இரண்டு கிலோ சீனி வாங்கினால் ஒரு சோப் இலவசம். "சேலப் பொட்டில வைங்க, நல்ல மணம்" என்று நானே சிபாரிசு செய்து அனுப்புகிறேன். அந்தப் பாவத்துக்கு இந்தப் பிராயச்சித்தம்.

மிஞ்சிய காசைப் பார்த்து ரஞ்சித் பாஸ் தலையைச் சொறிந்தார். ஒரு அறைக்கும் குசினிக்கும் தகரம் போடலாம். மற்ற அறைக்கு முடியாது. "அரைக் கூரையா மாத்தயா? அரைக் காற்சட்டை மாதிரி?" என்றார். தகரம் இல்லாத அறைச் சுவரின் தலைக்கு மட்டும் சிமெந்து பூசி, பொலித்தீன் சுற்றிவிட்டார். மிச்சத்துக்குச் செல்வியின் சீட்டுக் காசு. இந்தத் தடவை அது எங்கே போகிறது என்று முடிவு செய்யும் குழுவில் நான் இல்லை.

போன புதன்கிழமை வீட்டுக்குக் குடி போனோம். செல்வி படுக்கிற அறை என்று சொன்ன அதே அறை. வியாழக்கிழமை பின்னேரம் மலை கறுத்தது. முதல் மழை தகரத்தில் விழுந்தபோது, சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. செல்வி மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மூலை, அடுத்த மூலை... ஒரு சொட்டு இல்லை. இருபத்திரண்டு வருஷம் ஆட்டிய தொட்டில்களெல்லாம் நின்றுவிட்டது போல, கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

பிறகு எழுந்து, கட்டிலுக்கடியில் கையை விட்டு, ஒரு சோப்பை எடுத்து என் கையில் வைத்தாள். அடுத்த அறைப் பக்கம் விரலைக் காட்டினாள். அங்கே வானம் திறந்து, கொட்டு கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது.

"போங்க. நின்னு குளிச்சிட்டு வாங்க."

ஏழு டசினில் ஒன்று முடிந்தது. பாப்பாத்தி அக்கா சொன்னது சரி — நடுவில் பட்டென்று உடைகிறது.